ரிம்மை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றணுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "சாத்தூர் பக்கம் கண்மாய்க் கரைகளில் ஞாயிறுதோறும் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டுகிறேன். 27.5 அங்குல டயர், 2.25 அங்குல அகலம். என் எடை 78 கிலோ. கருவேல முள்ளால் மாதம் நாலைந்து பஞ்சர். ட்யூப்லெஸ் ஆக்கலாம் என்று விசாரித்தால், ஒரு கடையில் ரிம்மையே மாற்றணும், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொருவர் 1,500 ரூபாயில் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது? காத்து எவ்வளவு வைப்பது?"

இப்போதைக்கு இரண்டு பேரையுமே நம்ப வேண்டாம். ட்யூப்லெஸ் என்றால் உள்ளே ட்யூப் இல்லாமல் டயருக்குள்ளேயே காத்தடைப்பது. ரிம்மின் ஸ்போக் ஓட்டைகளை டேப் ஒட்டி மூடி, முள் குத்தும் துளைகளை அடைக்க சீலன்ட் என்ற பால் போன்ற திரவத்தை உள்ளே ஊற்றுவார்கள். இன்று மாலை பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். டயர், ட்யூப் இரண்டையும் எடுத்துவிட்டு, ரிம்முக்குள் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையை விலக்கிப் பாருங்கள். ஸ்போக் நிப்பிள்களின் தலைகள் ரிம்மின் தளத்திலேயே புடைத்துக்கொண்டு தெரிந்தால் அது ஒற்றைச் சுவர் ரிம். பெரிய ஓட்டைகளாக இருந்து, நிப்பிள்கள் அவற்றுக்குக் கீழே இன்னொரு தளத்தில் பதுங்கியிருந்தால் இரட்டைச் சுவர். ஒற்றைச் சுவரில் ட்யூப்லெஸ் வேலைக்கு ஆகாது. இரட்டைச் சுவர் என்றால் பெரும்பாலும் 9,000 ரூபாய்க்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

இதை நீங்கள் கழற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் எரிச்சல். சைக்கிளுக்கு எத்தனை கலர் உண்டு என்று பக்கம் பக்கமாகப் போடும் கம்பெனிகள், ரிம்மின் உள் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்ற ஒரே ஒரு எண்ணைப் போட மாட்டார்கள். அந்த எண் இல்லாமல் டேப் வாங்க முடியாது. ரிம்மின் இரண்டு உள் சுவர்களுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து, அதைவிட 2, 3 மில்லிமீட்டர் கூடுதல் அகலத்தில் டேப் வாங்குங்கள்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் 'ட்யூப்லெஸ் ரெடி' என்றோ 'டிஎல்ஆர்' என்றோ அச்சடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் டயர் மட்டும் புதிது வாங்குங்கள். 57-584 என்பது போல ஒரு எண்ணும் டயரில் இருக்கும். 57 டயரின் அகலம், 584 ரிம்மில் அது உட்காரும் விட்டம். 27.5 சைக்கிளுக்கு அந்த 584 மாறவே கூடாது. கடைக்காரர் "எல்லாம் செட் ஆகும் சார்" என்று வேறு எண் உள்ள டயரை நீட்டினால் வாங்காதீர்கள்.

சரி, 1,500 ரூபாய்க்காரர். நல்ல டேப், இரண்டு வால்வு, இரண்டு சக்கரத்துக்கும் சீலன்ட் பால் என்று வாங்கினால், அதற்கே அந்தத் தொகை கிட்டத்தட்ட சரியாகிவிடும். அப்படியென்றால் அவர் எதையோ மிச்சம் பிடிக்கிறார். வழக்கமாக மிச்சம் பிடிப்பது டேப்பில். கரன்ட் வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுவார்கள். நம்மூர் வெயிலில் அதன் பசை இளகி, டேப் நகர்ந்து, ஒரே ஒரு ஸ்போக் ஓட்டை திறந்தாலும் போதும், காத்து முழுக்க ரிம்முக்குள் போய்விடும். என்னிடம் வந்த ஒரு சக்கரத்தைப் பிரித்தபோது மூன்று சுற்று கறுப்பு டேப், அதன் மேல் செலோ டேப், வால்வைச் சுற்றி எம்-சீல்! ஓட்டி வந்தவர் ட்யூப்லெஸ் என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டியிருந்தார்.

இரண்டாவது, பால். பெயர் ஒட்டாத கேனிலிருந்து ஊற்றுபவரிடம் வேலை கொடுக்காதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு விற்கிற பச்சைக் கூழை ஊற்றினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சைக்கிள் டயரின் மெல்லிய பக்கச் சுவரில் காத்து கசியும் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றை அடைக்க ரப்பர் பால் கலந்த சைக்கிள் சீலன்ட் வேண்டும். உங்கள் அளவு டயருக்கு 90 மில்லி. முள்ளுக்காட்டில் ஓட்டுவதால் 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண் முன்னால் பாட்டிலைக் குலுக்கச் சொல்லுங்கள். முள்ளை அடைக்கும் துகள்கள் எல்லாம் அடியில்தான் படிந்திருக்கும்.

மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்து. டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்கார ஒரே மூச்சில் நிறைய காத்து வேண்டும். அதற்காக பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் வைத்து லாரி டயருக்கு அடிப்பது போல அடிப்பார்கள். விளிம்பு பிய்த்துக்கொண்டால் முகத்தில்தான் வெடிக்கும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டு அடித்தால் 'டப், டப்' என்று தானாக உட்காரும். எந்தக் காரணத்துக்காகவும் காத்தழுத்தம் 40 பிஎஸ்ஐ-யைத் தாண்ட விடாதீர்கள். டயரிலோ ரிம்மிலோ அதைவிடக் குறைவாக அச்சடித்திருந்தால் அதுதான் எல்லை.

உங்களுடையது ஒற்றைச் சுவர் ரிம்மாகவே இருந்துவிட்டால்? அப்போதும் 9,000 செலவழிக்க வேண்டியதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொன்னால் எந்தக் கடைக்கும் வியாபாரம் இல்லை. ட்யூபுக்குள்ளேயே சீலன்ட் ஊற்றலாம். உங்கள் ட்யூபில் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற தடித்த வால்வு இருந்தால், அதன் ஊசியைக் கழற்றி, 120 மில்லி ஊற்றி, மறுபடி முடுக்கி, காத்தடித்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிடுங்கள். மேலே நான் வேண்டாம் என்ற அந்தப் பச்சைக் கூழ் இங்கே பரவாயில்லை. ட்யூபின் ரப்பரில் காத்து கசிவதில்லை, முள் குத்திய ஓட்டையை அடைத்தால் போதும், அதை அந்தக் கூழ் செய்யும். சக்கரம் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். ஆனால் இதில் காத்தைக் குறைக்க முடியாது. கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு வெட்டு விழும். அதை எந்தச் சீலன்ட்டும் அடைக்காது. ஆகவே 32-லிருந்து 35 பிஎஸ்ஐ வரை. மாதம் ஒருநாள் மட்டும் சைக்கிளை எடுப்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். அவர்கள் ட்யூப்லெஸ் போட்டால் பால் சும்மா நின்றே காய்ந்துபோகும்.

ட்யூப்லெஸ்ஸில் நசுங்க ட்யூபே இல்லை. அதனால்தான் காத்தைக் குறைக்க முடிகிறது, பிடிமானமும் கூடுகிறது. உங்கள் எடைக்கு முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். ரிம்மின் உள் அகலம் 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இரண்டிலும் 2 கூட்டுங்கள். கல்லில் ஏறும்போது ரிம் 'டங்' என்று அடித்தால் 2 கூட்டுங்கள். வளைவில் டயர் ஓரமாக மடங்குவது போலிருந்தாலோ, 'புஸ்' என்று காத்து பிரிந்தாலோ அப்போதும் 2. எதுவும் நடக்காமல் சரளையில் வழுக்கினால் 1 குறையுங்கள். கண்மாய்க்குப் போகும் தார் ரோடு நீளம் என்றால் வீட்டில் 30 வைத்துக் கிளம்பி, கரையில் இறங்கும்போது கொஞ்சம் இறக்கிவிடலாம்.

இதற்கெல்லாம் காத்தழுத்தத்தை அளக்க சொந்த கேஜ் வேண்டும். பெட்ரோல் பங்க்கில் காத்து இலவசம்தான், ஆனால் அந்த மீட்டர் காருக்கானது. பெரிய ஃப்ளோர் பம்புகளில் எண் 160 வரை போகும், 20-க்கும் 25-க்கும் நடுவே முள் அசைவதே தெரியாது. கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு "40 இருக்கு தம்பி" என்பவரை விட்டுவிடுங்கள். 60 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் காத்து இறங்கும், பயப்பட வேண்டாம். சக்கரத்தைக் குலுக்கி, ஒரு பக்கம் படுக்க வைத்து, பிறகு மறுபக்கம் திருப்பிப் போடுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்குப் பால் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். காத்தை இறக்கி, வால்வைக் கீழே கொண்டுவந்து, ஊசியைக் கழற்றிவிட்டு ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியை உள்ளே விடுங்கள். ஈரமாக வந்தால் மூடிவிட்டு ஓட்டலாம். காய்ந்து வந்தால் 60 மில்லி ஊற்றுங்கள்.