பழைய மரவேலை இயந்திரங்களைப் பிரித்துச் சீரமைத்தல்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் சுங்கை காடுட்டின் பழைய மரப் பட்டறைகள் மூடும்போதும் இடம் மாறும்போதும், வார்ப்பிரும்பில் செய்த இழைப்பு இயந்திரங்களும் பட்டை ரம்பங்களும் ஆர்வலர்களின் கைக்கு வருகின்றன. அவற்றைப் பிரிப்பது பற்றி வந்த கேள்விகளில் என் வேலைக்குள் அடங்குபவற்றுக்குப் பதில் தருகிறேன்.

ஈசூனிலிருந்து: ஐயா, பழைய பிரிட்டிஷ் இழைப்பு இயந்திரத்தின் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) தண்டைவிட்டு வரவில்லை. அதைத் தண்டோடு பிடிக்கும் தலையில்லாத கிரப் ஸ்குரூவைக் கழற்றிவிட்டேன், இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியைப் போட்டும் அசையவில்லை. இனி அடித்துப் பார்க்கலாமா?

அடிக்க வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். புல்லியின் விளிம்பு ஒருமுறை பிளந்துவிட்டால் அதற்கு மாற்று தேடுவது பெரும்பாடு. முதலில், நீங்கள் கழற்றிய கிரப் ஸ்குரூ இருந்த துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். முதல் ஸ்குரூ தளராமல் இருக்க அதே துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்குரூ போடுவது அக்காலத்து வழக்கம். மேலே உள்ளதைக் கழற்றியவர்கள் அடியில் இன்னொன்று தண்டைக் கடித்துக்கொண்டிருப்பதை அறியாமல் புல்லரை முறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அடுத்து, புல்லியின் கழுத்தைச் சுற்றிலும் சுரண்டிப் பெயின்ட்டின் அடியில் டேப்பர் பின் (ஒரு முனை மெலிந்த ஆணி) ஏதும் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்குல அளவு இயந்திரங்களில் அந்தப் பின் 48க்கு 1 என்ற விகிதத்தில் மெலிந்துகொண்டே போகும், ஆகவே மெலிந்த முனையிலிருந்து தட்டினால்தான் வெளியே வரும். பருத்த முனையில் தட்டினால் இன்னும் இறுகும். இரண்டும் இல்லையென்றால் துருதான் பிடித்திருக்கிறது. ஊடுருவும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு ஊற்றுங்கள், அது காய்ந்த பிறகு புல்லியின் கழுத்தை மட்டும் சூடாக்குங்கள், புல்லரை இறுக்கி அப்படியே ஓர் இரவு விடுங்கள்.

பிரிட்டிஷ் இயந்திரம் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அதன் போல்ட்டுகள் பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை வகையாக இருக்கும். மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக்கிலும் அமெரிக்க வகையிலும் 60 பாகை. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க அரை அங்குலத்தில் 13. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இவற்றை மாற்றிப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினால், வார்ப்பிரும்பில் உள்ள மரை அறுந்துவிடும்.

பிடோக்கிலிருந்து: துருவை நீக்க மின்பகுப்பு முறை வீட்டில் செய்யக் கூடியதா?

செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிடுங்கள். இதில் துரு மட்டுமே போகும், நல்ல இரும்பு கரையாது. அதனால்தான் அமிலத்தைவிட இதை விரும்புகிறேன். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், சார்ஜரை அணைத்த பிறகே கம்பியைக் கழற்றுங்கள். அலுமினியம், துத்தநாகப் பாகங்களைத் தொட்டியில் போடாதீர்கள், அவை அரிக்கப்படும். நம் ஊர் ஈரப்பதத்தில், வெளியே எடுத்த பாகம் காய்வதற்குள் மறுபடியும் செந்துரு படரும். கழுவிய கையோடு துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, எண்ணெய் பூசிவிட வேண்டும்.

தெம்பனிஸிலிருந்து: நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியைப் போடலாமா? அது கரையாதே.

கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை வாய்ந்த ஆறு இணைதிறன் குரோமியமாக நீரில் கலக்கும்.

ஜூரோங்கிலிருந்து: தாத்தாவின் இழைப்பு இயந்திரத்தில் பால் பேரிங் இல்லை, ஈயம் போன்ற ஏதோ உலோகம் ஊற்றியிருக்கிறார்கள். பட்டறைக்காரர் அதைக் கடைந்தெடுத்துவிட்டுப் பால் பேரிங் போடலாம் என்கிறார்.

வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அது பாபிட் உலோகம். ஐசக் பாபிட் 1839இல் உருவாக்கியது. நல்ல தரத்தில் பெரும்பகுதி வெள்ளீயம், அத்துடன் சிறிது ஆண்டிமனியும் செம்பும் இருக்கும். மலிவான தரத்தில் ஈயம் மிகுதி. தேய்ந்திருந்தால் முதலில் பேரிங்கின் மேல்மூடியின் கீழுள்ள மெல்லிய ஷிம் தகடுகளை இருபுறமும் சமமாக ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். தேய்மானத்தை ஈடுகட்டத்தான் அவற்றை வைத்தார்கள். தண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி இருந்தால் போதும்.

உட்லண்ட்ஸிலிருந்து: அண்ணே, மன்னிக்கவும், இதை ஏற்க முடியாது. நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் தண்டுக்குப் பாபிட் தாங்காது, உருகிவிடும்.

தாங்கும் தம்பி. காரின் கிராங்க் தண்டு 6,000 சுற்றிலும் உருளைகளின்றி, எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. பாபிட் உருகுவது வேகத்தால் அன்று, எண்ணெய் வற்றுவதால்.

அவரே மீண்டும்: சரி, ஆனால் சிங்கப்பூரில் இன்று பாபிட் ஊற்ற ஆள் எங்கே? 6205 என்ற எண்ணுள்ள பால் பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இது நியாயமான வாதம், இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 6205இன் வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர். அதற்கு இடம் செய்ய வார்ப்பைக் கடைந்தால் சுவர் மெலிந்து போகும், பிறகு அந்த உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. பாபிட் முழுதும் சிதைந்துவிட்டால், மேல்மூடியைக் கழற்றிவிட்டு, உயரத்துக்கு ஏற்ற கட்டைகள் வைத்து, பழைய போல்ட் துளைகளிலேயே பில்லோ பிளாக் பேரிங்கைப் (தன் கூட்டோடு வரும் பேரிங்) பொருத்த முடியுமா என்று பாருங்கள். எதையும் வெட்டாமல் செய்த மாற்றத்தை அடுத்த தலைமுறை விலக்கிக்கொள்ளலாம். தாத்தாவின் இயந்திரத்துக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

சிராங்கூனிலிருந்து: பாபிட்டை நானே அடுப்பில் உருக்கி ஊற்றலாமா?

வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறையிலா? கூடவே கூடாது. உருகிய உலோகம் ஒரு சொட்டு ஈரத்தைத் தொட்டாலும் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். ஈயம் கலந்திருந்தால் அதன் ஆவியும் தூசும் வீட்டிலேயே தங்கும்.

தோ பாயோவிலிருந்து: பட்டை ரம்பத்தின் சக்கரம் வரவில்லை. சுத்தியலால் தட்டலாமா?

ஈசூன் அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள். எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் சுத்தியலைத் தொடாதீர்கள். கூடுதலாக ஒன்று: சக்கரத்தின் நட்டு இடமரையாக (வழக்கத்துக்கு எதிர்ப்புறம் திருப்பினால் கழல்வது) இருக்கலாம், திருப்பும் முன் மரை சாயும் திசையைப் பாருங்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: அமெரிக்க இயந்திரம், 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டார். இங்கே ஓடுமா?

ஓடும், ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 1,725 சுற்று ஏறத்தாழ 1,425 ஆகும். மோட்டார் பக்கப் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால், கத்திகளைத் தாங்கிச் சுழலும் வெட்டுத்தலையின் வேகம் திரும்பிவிடும், ஆனால் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாவதை அது தீர்க்காது. 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்றுவதே சரி.

ஹவ்காங்கிலிருந்து: இறுகிய புல்லியைச் சுத்தியலால்…

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

கிளிமெண்டியிலிருந்து: எனக்குக் கிடைத்த இழைப்பு இயந்திரத்தின் வெட்டுத்தலை உருளையாக இல்லாமல் சதுரமாக இருக்கிறது. அதை அப்படியே சீரமைக்கலாமா?

காட்சிக்கு வைப்பதென்றால் சீரமையுங்கள். மரத்தைக் கையால் தள்ளி இழைப்பதற்கு அதை ஒருபோதும் ஓட்டாதீர்கள். சதுரத் தலையின் தட்டைப் பக்கம் மேலே வரும்போது மேசையின் விளிம்புக்கும் தலைக்கும் இடையே பெரிய பள்ளம் திறக்கும். கை வழுக்கினால் விரல் நுனியோடு நிற்காது, கையே உள்ளே போகும். பிரிட்டனில் கையால் தள்ளும் இழைப்பு இயந்திரங்களுக்கு உருளைத் தலை வேண்டும் என்று 1922ஆம் ஆண்டு விதிகளே கட்டாயமாக்கின. தண்டின் அளவுகளை எடுத்துக்கொண்டு போய், அதே இடத்தில் பொருந்தும் உருளைத் தலையைக் கடைந்து சமநிலைப்படுத்தித் தரக் கூடிய பட்டறையைத் தேடுங்கள். அது கிடைக்கும்வரை மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றியே வையுங்கள்.