கொஞ்சம் என்றால் எவ்வளவு?

வணக்கம் ஐயா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். அடுத்து டயட்டீஷியன் ஆக ஆசை. அம்மாவோ, "எதைச் சாப்பிடணும், எதைச் சாப்பிடக்கூடாதுன்னு சொல்ல நாலு வருஷம் படிக்கணுமா? உங்க பாட்டி படிக்காமலே சொல்வாங்க" என்கிறார். நியூட்ரிஷனிஸ்ட் என்பதும் இதுவும் ஒன்றுதானா? உங்கள் அம்மா டயாலிசிஸ் செய்துகொண்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். என் அம்மாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு உப்புப் பொட்டலம் வீட்டுக்கு வரும்வரை.

டயாலிசிஸ் தொடங்கிய புதிது. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று, சோடியம் குறைந்த உப்பாகத் தேடி வாங்கிவந்தேன். விலையும் கூட. அடுத்த முறை டயட்டீஷியனிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் சேர்த்திருப்பது பொட்டாசியம். பெரும்பாலானவர்களுக்கு அது நல்லதுதான், ரத்தக் கொதிப்பைக் குறைக்க உதவும். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் ஊருக்கெல்லாம் சொல்கிறது. பொட்டாசியம் அவற்றிலும் இருப்பதால், அம்மாவை அந்தப் பாதியைத்தான் அளந்து சாப்பிடச் சொன்னார்கள். இளநீர் கூடாது. காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். "சத்தெல்லாம் சிங்க்குல போகுதே" என்று அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. போகத்தான் வேண்டும், பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து போவதற்காகத்தான் அந்த வேலையே. இதைப் பாட்டி எப்படிச் சொல்வார்?

அப்புறம் மொழி. அந்த டயட்டீஷியன் சீனப் பெண். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாவற்றையும் 'ஸ்பினாச்' என்றே சொல்லிவைத்தேன். "கொஞ்சம் சோறு" என்று அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு நாள் அவர் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை மேசையில் வைத்து, "இதில் எத்தனை?" என்றார். அம்மா கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது யாருக்குக் காணும்? மூணு வேணும்." பல வாரமாக நான் 'கொஞ்சம்' என்று மொழிபெயர்த்தது அந்த மூன்று கிண்ணத்தைத்தான். அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார். நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான், இனப் பெருமையால் அல்ல.

சரி, உங்கள் கேள்வி. நியூட்ரிஷனிஸ்ட் வேறு, டயட்டீஷியன் வேறு. ஊட்டச்சத்துப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு உணவுத் திட்டம் போடும் வேலைக்குப் போக முடியாது. அதற்கு டயட்டெட்டிக்ஸ் பட்டம் வேண்டும். நோயாளிகளோடு பழகும் பயிற்சி அதில் கட்டாயம். முன்பெல்லாம் இதற்காக ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போவார்கள். இப்போது இங்கேயே சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எஸ்ஐடியில், படிக்கலாம். வேதியியலும் உடலியலும் நிறைய வரும். சமையல் வகுப்பு என்று நினைத்துப் போகாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாதுச்சத்து சரிந்து உயிரே போகலாம். எவ்வளவில் தொடங்குவது, எத்தனை நாளில் ஏற்றுவது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். விழுங்க முடியாதவருக்குக் குழாய்வழி உணவு என்றால் அதற்கும் ஒரு கணக்கு.

இன்னொன்று, நோயாளிகள் பொய் சொல்வார்கள். வாழைப்பழத்தைத் தொடவே இல்லை என்று என் அம்மா நேருக்கு நேர் சொன்னார். மாத ரத்தப் பரிசோதனையில் ஏறியிருந்த பொட்டாசியம் காட்டிக்கொடுத்தது. அந்தப் பெண் கோபப்படவில்லை. "எந்தப் பழம், பெரியதா சின்னதா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாட்டி மூன்று நாள் சாப்பிடுவதைக் கூடவே இருந்து எழுதுங்கள். எத்தனை கரண்டி, எந்த டம்ளர், தேநீரில் எத்தனை கரண்டி சீனி, எல்லாம். 'கொஞ்சம்' என்று மட்டும் எழுதக்கூடாது. எழுதி முடித்ததும் அதை உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள்.