போர்க்காலத்தில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்பவரும் எல்லை தாண்டுவது எப்படி? உக்ரைன் விதி

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் ராணுவச் சட்டம் வந்ததும், 18 முதல் 60 வயது ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை வந்தது. (2025 ஆகஸ்டு இறுதியில் 18–22 வயதினருக்கு மட்டும் தளர்த்தினார்கள்.) மாற்றுத்திறனாளிகளுக்கு இதில் விலக்கு உண்டு. போர்முனைக்கு அனுப்ப முடியாதவரை நிறுத்தி வைப்பதில் அரசுக்கு என்ன லாபம்?

சிக்கல் துணைக்குப் போகிறவரிடம்தான். சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவியைக் கணவர் போலந்து எல்லைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடல்நலத்தோடு இருக்கும் 40 வயது ஆள். மனைவிக்குத் துணையாகப் போகிறார் என்பதால் விடுகிறார்கள். ஆகவே ஊனத்தின் கடுமையைக் காட்டும் பிரிவும் (முதல், இரண்டாம் பிரிவுகள்தான் கடுமையானவை), உறவுக்கான சான்றும் கேட்பார்கள். மனைவியின் ஊனச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் கையில் இருக்க வேண்டும். காகிதத்தைப் புரட்டிப் பார்த்து முடிவு சொல்பவர் சாவடியில் நிற்கும் எல்லைக் காவலர்.

ரயிலில் மாற்றுத்திறனாளியுடன் வருபவருக்குக் கிடைக்கும் சலுகை டிக்கெட் மாதிரிதான் இதுவும். மாற்றுத்திறனாளி ஏறாவிட்டால் துணைக்கு வருபவரின் டிக்கெட்டும் செல்லாது.

பலர் தவறாக நினைப்பது: ஒருமுறை துணையாகப் போய் வந்தவர் அதையே காரணம் காட்டி அடுத்த முறை தனியாகவும் போகலாம் என்று. முடியாது, துணை என்ற காரணத்தில் போவதென்றால் ஒவ்வொரு முறையும் அந்த மாற்றுத்திறனாளி பக்கத்தில் இருந்தாக வேண்டும்.