கடவுளிடம் நேரே போகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இப்போதும் தவக்காலத்தில் ஃபாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவேன். "மனுஷன் காதில் ஏன் சொல்கிறாய், ஆண்டவரிடம் நேரே கேட்டால் போதாதா?" என்பார் என் கணவர். அதுகூட எனக்குப் பெரிதில்லை. என் மாமனார் பல வருஷங்களுக்கு முன் தம்பியின் பங்கு நிலத்தையும் தன் பேரில் எழுதிக்கொண்டவர். பிறகு இரட்சிக்கப்பட்டார். சபையில் சாட்சி சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்லி அழுவார். "என் பாவக்கடனையெல்லாம் சிலுவையில் அவரே தீர்த்துவிட்டார்" என்று முடிப்பார். அந்தத் தம்பி இன்றைக்கும் வாடகை வீட்டில் இருக்கிறார். அவருடைய கணக்கு எங்கே போயிற்று? கிறிஸ்தவத்தில் பாவநிவாரணம் என்றால் இதுதானா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

இயேசு காலத்து எருசலேம் ஆலயம் ஆட்களைத் தரம் பிரித்து ஆங்காங்கே நிறுத்திவைத்த இடம். வெளிமுற்றம் வரை யாரும் வரலாம். அதற்குமேல் ஒரு தடுப்பு. தாண்டி வரும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் வெட்டிய எச்சரிக்கைக் கல் 1871இல் எருசலேமில் கிடைத்தது, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தடுப்புக்கு உள்ளே பெண்களுக்கான முற்றம், பிறகு யூத ஆண்களுக்கு, பிறகு ஆசாரியர்களுக்கு. எல்லாவற்றுக்கும் உள்ளே, திரைக்குப் பின்னால், மகா பரிசுத்த ஸ்தலம். அங்கே பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும், ஆண்டில் பாவநிவாரண நாள் ஒன்றில் மட்டும் நுழைவார்.

பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் அந்த நாள் அப்படியே இருக்கிறது. அலங்கார அங்கிகள் கிடையாது, சணல்நூல் உடை. மக்களுக்காக நிற்பதற்கு முன் தன் பாவத்துக்காக அவர் ஒரு காளையைப் பலியிட வேண்டும். தூபப் புகை, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை மூடாவிட்டால் உள்ளே போனவர் உயிரோடு திரும்பமாட்டார். பிறகு மக்களுக்காக ஒரு வெள்ளாட்டுக்கடா பலியாகும். இன்னொரு கடாவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஊராரின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள்.

இயேசு உயிர்விட்ட நேரத்தில் ஆலயத்தின் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது என்று மாற்கு எழுதும்போது, இத்தனை வாசல்களும் ஒரே சமயத்தில் திறந்ததாகத்தான் முதல் கிறிஸ்தவர்கள் வாசித்தார்கள். இனி ஆண்டுதோறும் பலி வேண்டாம், யாரும் தைரியமாக உள்ளே போகலாம் என்கிறது எபிரெயருக்கு எழுதிய நிருபம். கிறிஸ்து நடுச்சுவரைத் தகர்த்தார் என்கிறது எபேசியர் நிருபம். (அதை வாசித்த நாமே சுவர் எழுப்பினோம். நெல்லை வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்து உட்காரவைத்த சுவர் 1910இல்தான் இடிந்தது. எனக்கு ஆறாத விஷயம் அது.) பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517இல் ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் எழுந்ததும், விசுவாசிகள் எல்லாருமே ஆசாரியர்கள் என்று 1520இல் எழுதியதும் இந்தத் திரையை மறுபடி தைக்கவிடமாட்டேன் என்றுதான்.

ஒருவர் பாவத்துக்கு இன்னொருவர் ஏன் இறக்க வேண்டும் என்பதற்குத் திருச்சபைக்குள் ஒரே விடை கிடையாது. கடவுளின் மாண்புக்கு மனிதன் பட்ட கடனைக் கிறிஸ்து ஈடு செய்தார் என்றார் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் அன்செல்ம். அந்த அன்பைக் கண்டு மனிதமனம் திரும்புவதுதான் மீட்பு என்றார் அடுத்த தலைமுறையின் அபெலார்டு. சபைகள் பொதுவாக அறிக்கையிடும் நிசேயா விசுவாசப் பிரமாணமோ "நமக்காக" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. என் மனம் அபெலார்டு பக்கம் சாய்கிறது. ஆனால் உங்கள் மாமனாருடைய "கடன் தீர்ந்தது" அன்செல்ம் வழியாக வந்த பேச்சு. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் விட்டுவிட்டது வேறு. லேவியராகமத்தின் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அயலானை ஏமாற்றிப் பொருளை எடுத்துக்கொண்டவன், எடுத்ததை முழுசாகவும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடாவும் கொண்டுவர வேண்டும். பொருள் கைமாறாமல் கடா மட்டும் வந்தால் செல்லாது. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானம் செய்யாதவரை பாவநிவாரண நாளும் நீக்காது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பச்சையாகவே சொல்கிறது. இயேசுவும் அதே மரபில் வந்தவர்தான். காணிக்கையோடு பீடத்துக்கு வந்தபின் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றார். கடவுளைக் காத்திருக்கவைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போகச் சொல்கிறார்.

திரை கிழிந்தபோது நடுவில் நின்ற ஆசாரியர்தான் விலகினார், தம்பி விலகவில்லை. தம்பிக்குச் செய்ததை ஆண்டவரிடம் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்வதை "நேரே போவது" என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது தம்பி வீட்டு வாசலைத் தவிர்த்துச் சுற்றிப்போகும் வழி.

அப்படியானால் கிருபை இலவசம் இல்லையா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவின் கதையில் (லூக்கா 19) வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்கள். இயேசு எந்த நிபந்தனையும் போடவில்லை. மரத்தில் இருந்தவனை இறங்கச் சொல்லி, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார், ஊரார் முணுமுணுக்க அவனோடு போனார். அதற்குப் பிறகுதான் அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான் சகேயு. மன்னிப்புக்கு அவன் கொடுத்த விலை அல்ல அது. மன்னிக்கப்பட்டவனுக்குப் பிறர் பணத்தை அதற்குமேல் கையில் வைத்திருக்க முடியவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு நீங்கள் தாராளமாகப் போங்கள். லூத்தரே தனி அறிக்கையைக் கைவிடவில்லை, 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அதற்கு இடம் வைத்திருக்கிறார். அங்கேயும் இதே கணக்குத்தான். குரு பாவமன்னிப்பு அளித்தாலும், திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை தீராது என்று கத்தோலிக்க மறைக்கல்வியும் சொல்கிறது.

இனி உங்கள் மாமனார். சபையார் முன்னால் அழுது ஒப்புக்கொள்கிற மனுஷர் கல்நெஞ்சக்காரராக இருக்க முடியாது. லூக்கா 19ஆம் அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் ஒருநாள் வாசியுங்கள். அதற்குப் பிறகு நிலத்தைப் பற்றி உங்கள் கணவர்தான் வாய் திறக்க வேண்டும். பிற்பாடு அந்தப் பத்திரம் அவர் கைக்குத்தான் வரப்போகிறது. மருமகள் தொடங்கினால் பேச்சு வேறு திசையில் போய்விடும். சித்தப்பாவுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது, அதிகம் தள்ளிப்போட வேண்டாம்.