வாசகர் கேள்வி – பதில்: ஜப்பானியப் புறநகரில் ஒரு சிறு சபை

கேள்வி: டோக்கியோவின் புறநகர் ஒன்றில் மிஷனெரிகள் பல ஆண்டுகளாக ஊழியம் செய்தும், ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர்கூட வருவதில்லை என்று அறிந்தேன். இந்த மந்தநிலைக்கு என்ன காரணம்?

பதில்: ஜப்பானின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினரே என்பதால், முப்பது பேர் கூடும் சபையை அங்கே யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. காரணத்தைப் பலரும் மக்களின் மத அக்கறையின்மையில் தேடுகிறார்கள். நான் அதைக் கல்லறையில் தேடுவேன். 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட பிறகு, அப்போது ஜப்பானை ஆண்ட தோகுகாவா அரசு ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு பௌத்த ஆலயத்தில் பதிவு செய்ய வைத்தது; அந்தக் குடும்பத்தில் கிறிஸ்தவர் எவரும் இல்லை என்பதற்கு ஆலயமே சான்று அளித்தது. கிறிஸ்தவத்தைத் தடைசெய்த அறிவிப்புப் பலகைகள் 1873-இல் அகற்றப்பட்டன. ஆனால் ஆலயத்துடனான பந்தம், மூதாதையர் கல்லறையாகவும் இறந்தோரை வணங்க வீட்டில் வைக்கும் புத்சுதான் என்னும் பீடமாகவும் இன்றும் நீடிக்கிறது.

1962-இல் குடியேற்றம் தொடங்கிய ஒசாக்காவின் சென்ரி, 1971-இல் தொடங்கிய டோக்கியோவின் தாமா போன்ற புதுநகரங்களுக்கு வந்த இளம் குடும்பங்கள் அந்த ஆலயத்தைச் சொந்த ஊரிலேயே விட்டுவந்தன. எனவே புறநகர் மிஷனெரிகளுக்குக் கதவு சற்றுத் திறந்தது உண்மை. ஆயினும் தந்தை இறந்ததும் மூத்த மகன் பீடத்தையும் கல்லறையையும் ஏற்க வேண்டியவராகிறார். ஞானஸ்நானம் பெற விரும்பியவர் தயங்கி நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இறந்தோரை நினைவுகூரும் ஆராதனையை ஆண்டுதோறும் நடத்தி, தனக்கென ஒரு பொதுக் கல்லறையையும் வைத்திருக்கும் சபை, எத்தனை துண்டுப்பிரசுரங்களாலும் தர முடியாத உறுதியை அவருக்குத் தருகிறது.

கேள்வி: ஆங்கில வகுப்பு என்று அழைத்துச் சபைக்கு ஆள் சேர்ப்பது நேர்மையான முறையா?

பதில்: வகுப்பை நடத்துவது சபைதான் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் நேர்மையானது, மறைத்தால் அல்ல. 1995-இல் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடத்தியதும், 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொல்லப்பட்டதையடுத்து, கொலையாளி பகை கொண்டிருந்த ஒன்றிணைப்புத் திருச்சபை என்ற மதக்குழுவின் நன்கொடை வசூல் பெரும் விவாதமானதும், அறிமுகமில்லாத மதக்குழு எதுவாயினும் ஐயத்தோடு பார்க்கும் மனநிலையை அங்கே ஆழப்படுத்தின. வகுப்புக்கு வரும் தாய்மார் பலர் ஆங்கிலத்தை மட்டும் கற்றுக்கொண்டு போய்விடுவார்கள். அதில் வருந்த ஒன்றுமில்லை.

கேள்வி: சபை வளர்ந்த பின்னும் மிஷனெரி அங்கேயே தங்கலாமா?

பதில்: கணக்கையும் பிரசங்கத்தையும் ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் பின்வரிசையில் உட்கார முடியுமானால் தங்கலாம். அந்நிய மிஷன்களைச் சாராத சபையில்லா இயக்கத்தை உச்சிமுரா கான்சோ என்ற ஜப்பானியக் கிறிஸ்தவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உருவாக்கிவிட்டார் என்பதை மிஷனெரிகள் நினைவில் வைத்திருப்பது நல்லது. வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டுப் போதகரும் இருக்கும்வரை, ‘இது அவர்களுடைய சபை’ என்றே அக்கம்பக்கத்தார் பேசுவார்கள். குடியிருப்போர் சங்கத்தின் தெருச் சுத்தப்பணிக்குச் சபையின் சார்பில் ஒரு ஜப்பானிய மூதாட்டி துடைப்பத்தோடு வந்து நிற்கும் நாளில் அந்தப் பேச்சு மாறத் தொடங்கும்.