கல்யாணச் சீருக்குக் கண்ணாடிக் கடற்பஞ்சு வாங்கலாமா?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வேலூரில் ராசிப் பொருட்கள் விற்கும் ஒருவர், ஆழ்கடலில் கிடைப்பது என்று சொல்லி ‘ஜோடிக் கண்ணாடிக் கூடை’ ஒன்றைக் காட்டினார். வெள்ளையாக, வலை பின்னியது போல இருக்கிறது. உள்ளே இரண்டு இறால்கள் காய்ந்து கிடக்கின்றன. ஆணும் பெண்ணுமாம், வீட்டில் வைத்தால் தம்பதிக்குள் பிரிவே வராதாம். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மறுபடி வளருமாம். கரை ஒதுங்கியதுதான், யாருக்கும் பாவம் இல்லை என்கிறார். விலை 9,500 ரூபாய். கூடவே ‘இந்திரஜால்’ ஒன்று இலவசம். வாங்கலாமா ஐயா? சட்டச் சிக்கல் வருமா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா. முன்பணம் கொடுத்திருக்காவிட்டால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். கொடுத்திருந்தால் என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது யூப்ளக்டெல்லா என்ற கண்ணாடிக் கடற்பஞ்சின் எலும்புக்கூடு. கடற்பஞ்சு செடி இல்லை, விலங்கு. இந்த வகை பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பசிபிக் கடலில், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், சேற்றுத் தரையில் நின்றபடி தண்ணீரை வடிகட்டிச் சாப்பிட்டு வாழும். உடம்பைத் தாங்கும் கூடு முழுவதும் சிலிக்கா, அதாவது நம் ஜன்னல் கண்ணாடியின் மூலப்பொருள். பட்டைக் கட்டில் பின்னுவது போலக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டு, அதன் மேல் மூலைவாட்டில் இரட்டை இரட்டையாக இழை ஓட்டியிருக்கும். அடியில் வெள்ளை முடிக் கற்றை போலத் தொங்குவதுதான் அதைச் சேற்றில் ஊன்றி வைத்திருந்த வேர். அந்த இழை ஒளியைக் கடத்துகிறது என்று 2003இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

இறால் கதை பாதி உண்மை. குஞ்சாக இருக்கும்போது உள்ளே நுழைந்த இரண்டு இறால்கள், வளர்ந்த பிறகு வலைக் கண் வழியாக வெளியே வர முடியாமல் அங்கேயே வாழ்ந்து சாகும். அவற்றின் குஞ்சுகள் மட்டும் வெளியேறும். ஜப்பானில் இதைக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வெளியே வர வழியில்லாமல் உள்ளே கிடப்பதைத் தாம்பத்தியத்துக்கு உவமையாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அது உங்கள் குடும்ப விஷயம்.

தொட்டியில் வளரும் என்பது சுத்தப் பொய். உங்களுக்குக் காட்டியது சதை போன வெறும் கூடு. உயிரோடு பிடித்து வந்திருந்தாலும், இருட்டும் கடுங்குளிருமான ஆழத்தில் வாழும் பிராணி வேலூர் வெயிலில் ஒரு நாள் தாங்காது.

‘கரை ஒதுங்கியது’ என்பதும் அப்படித்தான். இவ்வளவு ஆழத்தில் சேற்றில் ஊன்றி நிற்பது கிளிஞ்சல் மாதிரி மணலில் வந்து கிடக்காது. யாரோ வலை போட்டு இழுத்ததுதான். ஆழ்கடல் பஞ்சுக்குக் கடற்தரையைச் சுரண்டிப் போகும் இழுவை வலையை விடப் பெரிய எதிரி கிடையாது. கனடாவின் மேற்குக் கரையில் 1987இல் கண்ணாடிக் கடற்பஞ்சுகளாலேயே ஆன திட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்டவை டைனோசர் காலத்தோடு முடிந்துபோயின என்று அதுவரை நினைத்திருந்தார்கள். சுமார் 9,000 ஆண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்றாக வளர்ந்தவை. சில இடங்களில் ஏழு மாடி உயரம். மீன்குஞ்சுகளும் நண்டுகளும் அதற்குள்தான் ஒதுங்குகின்றன. அதிலும் இழுவை வலை புகுந்து நொறுக்கிய இடங்கள் உண்டு. 2017இல்தான் அந்நாட்டு அரசு அதைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது.

சரி, நம்ம ஊர் தரகர்களுக்கு வருவோம். இரிடியம் கலசம், மண்ணுளிப் பாம்பு என்று நம் வட ஆர்க்காட்டுப் பக்கம் எத்தனை குடும்பம் நகையை அடகு வைத்து ஏமாந்திருக்கிறது! இப்போது அதே ஆட்கள் கடலுக்குள் இறங்கிவிட்டார்கள். இவர்களிடம் ஆபத்தானது விலை போட்டு விற்கும் பொருளை விட, இலவசமாகத் தருவதுதான். ‘இந்திரஜால்’ என்று காய்ந்து கறுத்து, வலை மாதிரி விரிந்த ஒன்றைத் தருவார்கள். அபூர்வ மூலிகை, வாசலில் மாட்டினால் கண் திருஷ்டி அண்டாது என்பார்கள். அது மூலிகையே இல்லை. பவள இனத்து விலங்கான கடல் விசிறி, அல்லது கறும்பவளம். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில் இருப்பவை. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. சோதனை வந்தால் பிடிபடுவது அவர் கடையில் இல்லை, உங்கள் பூஜை அறையில். அவர் அச்சடித்துத் தரும் ‘சான்றிதழ்’ அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கக்கூட ஆகாது.

அப்போது கடற்பஞ்சு? இங்கேதான் தரகர் கையில் ஒரு சட்ட ஓட்டை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2001இல் அந்தச் சட்டத்தின் அட்டவணைகளில் ஒன்றில் சேர்த்தது சுண்ணாம்புக் கடற்பஞ்சு வகைகளை. யூப்ளக்டெல்லா கண்ணாடி வகை, சுண்ணாம்பு இல்லை. ஆகவே ‘இது லிஸ்டிலேயே இல்லை மேடம்’ என்பார். கூட்டின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டும் காட்டுவார்; பொங்காது. சுண்ணாம்பு என்றால் நுரை கட்டும், சிலிக்காவில் ஒன்றும் நடக்காது, அந்த அளவுக்குச் சரி. உடனே அதே வினிகரை இந்திரஜாலின் கறுப்புத் தண்டிலும் விட்டு, ‘பாருங்க, இதுவும் பொங்கலை’ என்பார். அதில் ஏமாறாதீர்கள். அந்தத் தண்டு நகம், கொம்பு மாதிரியான பொருள். பொங்காமல் இருப்பதே அதன் இயல்பு. வினிகர் சுண்ணாம்பைக் காட்டும், சட்டத்தைக் காட்டாது. தவிர, கண்ணாடிப் பஞ்சு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் சுங்கத்தில் காட்டி வந்த ரசீது இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

இதையெல்லாம் ஒரு தாய் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கே ஆத்திரமாக வருகிறது. அட்டவணை முழுக்க லத்தீன் பெயர். வனத்துறைக்காரரிடம் கேட்டால் ‘கடல் சமாச்சாரம், மீன்வளத்தைக் கேளுங்க’ என்பார். அங்கே போனால் ‘சட்டம் அவங்களுது’ என்று திருப்பி அனுப்புவார்கள். ஓர் அலுவலகத்தில் நான் கடல் விசிறியின் படத்தைக் காட்டியபோது, ‘இது என்ன சார், துடைப்பமா?’ என்று கேட்டார்கள். ரேஷன் கடைச் சுவரில் நாலு படம் போட்டுத் தமிழில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகிவிடப் போகிறது?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முன்பணம் ஜிபே மாதிரி எதிலாவது போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. இந்திரஜால் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள், பாலாற்றில் வீசாதீர்கள். யார் தந்தார், எப்போது என்று எழுதி, மாவட்ட வன அலுவலரிடம் பொருளோடு ஒப்படைத்து, மனு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ‘எங்க டிபார்ட்மெண்ட் இல்லை’ என்றாலும் முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். கண்ணாடிப் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால், விரல் நுனியை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அந்த இழைகள் உடைந்தால் சிலாம்பு மாதிரி தோலில் ஏறும். தேய்க்காமல், ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தால் வந்துவிடும்.