பட்டனுக்கு மெயின்ஸ் வராமல் விளக்கு எரியுமா?

கேள்வி: புது வீட்டுக்கு கே.என்.எக்ஸ் (விளக்கு, பட்டன் போன்றவற்றைத் தகவல் கம்பியால் இணைக்கும் முறை) வயரிங் போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சுவர் பட்டன்களுக்கு மெல்லிய பச்சைக் கேபிள் மட்டும் போதுமாம். விளக்கு எப்படி எரியும்?

பதில்: அவர் சொல்வது சரி. விளக்குக்குப் போகும் மின்சாரம் பட்டன் பக்கமே வராது. பச்சைக் கேபிளின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளில் சுமார் 30 வோல்ட் டிசி இருக்கும். பட்டனை அழுத்தியதும் அதே கம்பிகளில் ஒரு குழு முகவரிக்கு (பட்டனையும் விளக்கையும் இணைக்கும் எண்) 'ஆன்' என்ற தகவல் போகும். டிபி பெட்டியில் (மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) உள்ள ஆக்சுவேட்டர், அதாவது தகவலைக் கேட்டு விளக்கை இயக்கும் கருவி, தனக்குரிய முகவரி என்றால் தன்னுள் இருக்கும் ரிலே என்ற சுவிட்சை மூடும், விளக்கு எரியும்.

அதனால் ஒவ்வொரு விளக்கு சர்க்யூட்டுக்கும் பெட்டியிலிருந்து ஃபேஸ், நியூட்ரல், எர்த் தனித்தனியாகப் போக வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இரண்டு அறைக்கு ஒரே கேபிள் இழுத்துப் பூசிவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைத் தனித்தனியே இயக்க முடியாது.

பச்சைக் கேபிளை மரக்கிளை போல எங்கும் பிரிக்கலாம், வளையமாக மட்டும் மூடக்கூடாது. ஒரு லைனில் மொத்தம் 1000 மீட்டர், பவர் சப்ளையிலிருந்து கருவிவரை 350 மீட்டர் என்பது வரம்பு. வீடுகளில் அந்த அளவு வருவது அபூர்வம். மஞ்சள், வெள்ளைக் கம்பிகளை வெட்டிவிடாமல் சுருட்டி வையுங்கள். உபரியாக உதவும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு வரிசை எல்இடி விளக்குகள் அணைய மறுக்கின்றன. இன்னொரு வரிசை அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலாவதில் ஆக்சுவேட்டரில் கையால் இயக்கும் லிவரை 'ஆஃப்' நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வாட் கணக்கில் சுமை குறைவாகத்தான் தெரியும். ஆனால் ஆன் செய்யும் கணத்தில் எல்இடி டிரைவர்களின் கெப்பாசிட்டர்கள் பல மடங்கு கரண்டை இழுக்கும். கெப்பாசிட்டிவ் சுமைக்கென மைக்ரோஃபாரட் அளவு குறிப்பிட்ட ஆக்சுவேட்டராக மாற்றுங்கள்.

இரண்டாவதில், ரிலே ஃபேஸைத் துண்டிக்கிறதா நியூட்ரலையா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸ்தான் என்றால், நெடுந்தூரம் ஒட்டி ஓடும் கேபிளிலிருந்து தூண்டப்படும் மின்சாரம் காரணமாகலாம். விளக்கருகே, அந்தச் சிறு மின்சாரத்தைத் தன் வழியே விடும் ஒரு பைபாஸ் மாட்யூல் சேர்த்தால் அடங்கும்.

கேள்வி: வேலை முடிந்ததும் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: ஈ.டி.எஸ் (கே.என்.எக்ஸ் கருவிகளை நிரலாக்கும் மென்பொருள்) புராஜெக்ட் கோப்பு, அதன் கடவுச்சொல், சர்க்யூட் எண் பட்டியல். கோப்பு கையில் இல்லையென்றால், ஒரு பட்டனின் வேலையை மாற்றக்கூட அடுத்தவர் மொத்த நிரலையும் புதிதாக எழுத வேண்டிவரும். கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.